ஆடு தொடாத இலை

வேலியோரத்து ஆடாதோடையை இன்று காலை கிள்ளினேன். விரலில் அந்தக் கசப்பு வாடை ஏறியதும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. மலையில் பனி இறங்கிவிட்டது, எனக்கு இருமல். போன பனிக்கு இருமியது நீங்கள்.

ஒவ்வொரு பனிக்கும் இந்த இலையோடு மிளகு தட்டிப் போட்டுக் காய்ச்சி, தேன் விட்டு நீட்டுவேன். நம் வெள்ளாடு வேலியில் எதையெல்லாமோ கடிக்கும், இதை மட்டும் மோந்துவிட்டு நகர்ந்துவிடும். அதைக் காட்டியே வம்பு பண்ணுவீர்கள்.

"இன்னாமே, ஆடே தொடாத எலைய எனக்கு ஊத்துற? ஆட்டவுடக் கேடாப் பூட்டனா நானு?"

"ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும். பேசாம குடிங்க."

"அப்டியா? அப்ப நீ குடிச்சிட்டு எம்பேரச் சொல்லு, பாக்கலாம்."

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடுவேன். கட்டிய புருஷன் பேரை எங்கள் வயதில் எவள் சொல்கிறாள்? பேரன் எடுத்த பிறகும் அந்த வம்பை நீங்கள் விடவில்லை.

போன வருஷம் கஷாயத்துக்கு இருமல் அடங்கவில்லை. சளியில் ரத்தம் கண்டதுமே மகன் ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான், அங்கிருந்து வேலூருக்கு அனுப்பினார்கள். சீட்டு எழுதிய நர்சம்மா, "பேஷன்ட் பேரு இன்னாம்மா?" என்று கேட்டாள். நான் உங்கள் ஆதார் அட்டையை முன்னால் தள்ளினேன். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தீர்கள்.

"இங்ககூடவாமே?"

நான் பார்த்த கடைசிச் சிரிப்பு அதுதான். நுரையீரல் கெட்டுவிட்டது என்றார்கள். ஆக்சிஜன் வைத்த பிறகு பேச்சில்லை, என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தீர்கள். பேரைத்தான் கேட்கிறீர்களோ என்று எனக்குப் பட்டது. வார்டு முழுக்க ஆள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஐயோ, பேர் வராமலே போய்விட்டது.

இன்று கஷாயத்தைக் கொல்லையில் நின்று குடித்தேன். தேன் விடவில்லை. "ஆடே தொடாத எலை" என்று நானே சொல்லிக்கொண்டேன், வம்புக்கு ஆள் இல்லையே. பிறகு உங்கள் பேரைச் சொன்னேன். முதலில் வாய்க்குள், அப்புறம் எதிர்மலைக்குக் கேட்கிற மாதிரி. தொண்டை கம்மியிருந்தும் பேர் தெளிவாகத்தான் வந்தது. ஆடுதான் தலையைத் தூக்கிப் பார்த்தது.

இந்த இருமல் நின்றுவிடும். பேரை நான் நிறுத்தப் போவதில்லை.