ஜீப்பருகே எடுத்த படம்

1976 ஒக்டோபர் 16, சனி. நோபல் பார்க், மெல்பேர்ன்.

கோபம் இன்னும் அடங்கவில்லை. கென்யாவில் காட்டு விலங்குகள் பார்க்க என்னோடு ஒரே ஜீப்பில் வந்த வெள்ளைக்கார நண்பன் பீற்றர், இன்று தன் வீட்டில் ஸ்லைட் படங்கள் காட்டினான். சுவரில் படுக்கை விரிப்பைக் கட்டி, யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி என்று ஒவ்வொன்றாக ஓட்டினான். பிறகு நாங்கள் ஆறு பேரும், அதாவது ஐந்து வெள்ளைக்காரரும் நானும், கென்யச் சாரதியோடு ஜீப்பருகே நிற்கும் படம் வந்தது. பீற்றரின் மாமி அதில் என்னைக் காட்டி, "இவர்தானே உங்கள் சாரதி?" என்று கேட்டாள். நான் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில், அவள் தந்த கேக்கைத் தின்றுகொண்டிருந்தேன்! வீடே சிரித்தது. பீற்றரும் சிரித்தான். பத்து நாள் என்னோடு ஒரே கூடாரத்தில் படுத்தவன்! ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

காரில் திரும்பும்போது கத்தித் தீர்த்தேன். லீவு கிடைக்காததால் கென்யாவுக்கு வராத என் மனைவி ராணி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அந்த மனிசியை விடுங்கோ. எல்லாரும் டிரைவரை ஒட்டித்தானே நிக்கினம்? நீங்கள் மட்டும் ஏன் தள்ளி நிண்டனீங்கள்?"

வெயில் என்றேன். பொய். சாரதி மவாங்கி முதலில் சிரித்துக்கொண்டு என் பக்கத்தில்தான் வந்து நின்றார். படத்தைப் பார்க்கிறவர்கள் எங்கள் இருவரையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்களோ என்று நான்தான் விலகினேன். அவர் அதைக் கவனித்திருக்கமாட்டார் என்று நினைத்தேன்.

அந்தப் படத்தில் சிரிக்காமல் நிற்பது அவர் ஒருவர்தான்.