நான் மறைத்த நல்ல நாட்கள்

மாமு,

இன்று காலை வெறும் வயிற்றோடு டோல்கேட் பக்கத்து லேப்பில் போய் உட்கார்ந்தேன், சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க. அங்கிருந்த பெண் என் கையில் ஸ்பிரிட் பஞ்சை வைத்துத் தேய்த்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். நீ அங்கே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "எத்தினி தபா மாமு குத்துவாங்க" என்று முனகிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளங்கையில் ஏறிய தூண்டில் முள்ளைக் குறடு போட்டு நீயே பிடுங்கி எறிந்ததைப் பார்த்தவன் நான். ஊசிக்கு மட்டும் உனக்கு அப்படி ஒரு பயம்.

மூன்று மாதத்துக்கு ஒரு தரம் என்று ஒன்பது வருடம் உன்னை அங்கே கூட்டிப்போனேன். நீ சாப்பிட்ட மாத்திரை ரத்தத்தில் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. வெளியில் யாராவது கேட்டால் சர்க்கரை என்று சொல்லிவைப்போம். இப்போது எனக்கு நிஜமாகவே சர்க்கரை வந்துவிட்டது. நீ இருந்தால் ஒரு வாரம் இதைச் சொல்லியே சிரித்திருப்பாய். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. நெஞ்சு வலி என்று ஆட்டோவில் ஏறினாய், திரும்பி வரவில்லை. நமக்குள் ஒளிவு மறைவு என்று எதுவும் இருந்ததில்லை. ஆனால் ஒரு விஷயத்தை உன்னிடம் முதலிலிருந்து ஒழுங்காகச் சொன்னதில்லை. அதை இப்போது எழுதிவிடுகிறேன்.

காசிமேட்டில் நாம் வேலை பார்த்த விசைப்படகுக்கு நீ டிரைவர், நான் செகண்ட் டிரைவர். கடலுக்குப் போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள் அங்கேயேதான். முறைப்படி நாலு மணி நேரம் நீ, நாலு மணி நேரம் நான் என்று மாற்றி மாற்றி வீல் பிடிக்க வேண்டும். வருடத்தில் ஒரு இரண்டு மாதம் அந்த முறையெல்லாம் காற்றில் போய்விடும். என் முறைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தால், போய்ப் படு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பாய். மறுபடி எழுந்து வருவேன், மறுபடி துரத்துவாய். மூன்று நாள் அப்படியே நிற்பாய். களைப்பே தெரியாது. வயர்லெஸ்ஸில் மற்ற படகுக்காரர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசுவாய், பாடுவாய், அடுத்த வருடம் மூன்று படகு கட்டப்போவதாகச் சொல்லுவாய். ஒருவனும் போடாத இடத்தில் வலையைப் போடச் சொல்லுவாய். மீனும் விழும்.

காசிமேட்டில் டிரைவருக்குப் பேர் கிடைப்பது அவன் பிடித்த மீனால் பாதி, மூடாத கண்ணால் பாதி. தூக்கம் வராதவனை ராசிக்காரன் என்பார்கள். படகு முதலாளிகள் உன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். நாங்களும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உன் பின்னால் நடந்தோம். உண்மையைச் சொன்னால், நீ விழித்திருந்ததால்தான் நான் நன்றாகத் தூங்கினேன்.

அது முடிந்தால் மற்றது வரும். திருவொற்றியூர் வீட்டில் போர்வையை முகம்வரை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு மாதம், ஒன்றரை மாதம் படுத்திருப்பாய். தூங்கவும் மாட்டாய், விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடப்பாய். குளியல் இல்லை, சோறு இல்லை. நான் வந்தால் என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டாய். கடலில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டான் என்றார்கள். உன் மனைவி செல்வி மந்திரித்துப் பார்த்தாள், தர்காவில் தண்ணீர் ஓதி வாங்கி வந்தாள். கடைசியில் ஒரு நாள், 'நான் செத்தா உனக்கு நிம்மதிதான' என்று நீ அவளிடம் கேட்டிருக்கிறாய். அன்றே அவள் என் வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வீட்டில் நடந்ததை நான் சொல்கிறேன், கடலில் நடந்ததை நீங்கள் சொல்லுங்கள் அண்ணா என்றாள்.

அந்த அறை எனக்கு இன்னும் கண்முன் நிற்கிறது. மனநல டாக்டர் ஒரு அம்மாள், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். செல்வி ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். இதற்கு நேர்மாறாக எப்போதாவது இருந்திருக்கிறாரா, தூக்கமே இல்லாமல் ஆனால் களைப்பும் இல்லாமல், நிறுத்தாமல் பேசிக்கொண்டு, பெரிய பெரிய திட்டம் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாரா என்று கேட்டார்.

நான் இல்லை என்றேன்.

அவர் விடவில்லை. கடலில் தூங்குவாரா என்று இன்னொரு முறை கேட்டார். "கடல்ல எவன் மேடம் தூங்குறான்" என்று சொல்லி நான் சிரித்தேன். அவரும் லேசாகச் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு ஒன்று சொன்னார்: சோர்வுக்கு மாத்திரை தருகிறேன், ஆனால் திடீரென்று வேகம் கூடினால், தூக்கம் குறைந்தால், அன்றைக்கே அழைத்து வந்துவிடுங்கள். அதுவும் என் காதில் விழுந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தரம் என்னையே கேட்டிருக்கிறேன். பாதி அறியாமை. படுத்துக் கிடப்பதுதான் வியாதி, அந்த இரண்டு மாதம் உன் நல்ல நாட்கள், அதை எதற்கு டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். வயிற்று வலிக்குப் போனவன், நன்றாகச் சாப்பிட்ட நாளைப் பற்றிச் சொல்லுவானா? மற்ற பாதி சுயநலம். தூங்காதவனைக் கடலுக்கு விடக்கூடாது என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம். நீ இல்லாவிட்டால் எங்களுக்கு யார் படகு கொடுப்பார்கள்? அந்த ராசியை எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்று வாரத்தில் நீ எழுந்து குளித்தாய். செல்வி வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்து எங்களையெல்லாம் கூப்பிட்டாள். அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பில் எல்லோரும் மனம் விட்டுச் சிரித்தோம். அடுத்த வாரம் உன் பேச்சின் வேகத்துக்கு யாராலும் ஈடுகொடுக்க முடியவில்லை. யாருடைய வலையையோ எடுத்து அவிழ்த்துப் போட்டாய், ஐஸ் கம்பெனி ஆளோடு கைகலந்தாய். டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன்.

துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய அன்று மத்தியானம் செல்வி போன் செய்தாள். சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய் என்றாள். நான் ஓடி வந்தபோது எல்லாப் படகும் கயிறு இறுக்கிக் கட்டிக் கிடக்க, நம் படகில் மட்டும் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வலை இழுக்கும் ஏழுமலையும் இன்னொருவனும் உள்ளே இருந்தார்கள். கூண்டைக் காட்டியதற்கு, "அது மத்தவனுக்கு. எனக்குக் கடல் வழி வுடும்" என்று நீ சொன்னாயாம். உன் ராசியை நம்பி இரண்டு பேரும் ஏறிவிட்டார்கள். படகு துறையை விட்டு நகர்ந்துவிட்டது, நான் தாவி ஏறினேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரம் அதுதான், அதிலும் முழங்கால் பெயர்ந்துபோனது.

அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டியதும் கடல் எங்களைத் தூக்கிப் போட்டது. எண்ணூர்ப் பக்கம் வானமும் தண்ணீரும் ஒரே சாம்பலாக இருந்தது, அனல்மின் நிலையப் புகைபோக்கிகள்கூடத் தெரியவில்லை. நீ பாடிக்கொண்டிருந்தாய். திரும்பலாம் மாமு என்றேன், கெஞ்சினேன், உன் பிள்ளைகள் பேரைச் சொன்னேன். உன் கண் என்னைப் பார்த்தது, ஆனால் நான் அதில் இல்லை. வீலில் கை வைத்தேன், முழங்கையால் என் மார்பில் இடித்துத் தள்ளினாய். நாலு பேரும் சாகப் போகிறோம், இதற்கு நான் சொன்ன ஒரு 'இல்லை'தான் காரணம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த அலை பக்கவாட்டில் அடித்தது. ஏழுமலை தளத்தில் உருண்டு போய், வலை இழுக்கும் இரும்பு விஞ்சில் மோதினான், அவன் கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த ஆட்டத்தில் கடலுக்குள் போயிருப்பான். நீ வீலை விட்டுவிட்டுப் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தாய். அந்த நிலையிலும் உனக்கு ஆள் முக்கியமாக இருந்தான் மாமு. நான் வீலைப் பிடித்தேன். அலை இடைவெளி பார்த்துத் திருப்பினேன். கரை வரும்வரை நீ என்னைத் திட்டாத திட்டு இல்லை. துறையில் ஆறு பேர் உன்னை அமுக்கிப் பிடித்தார்கள். திருடன், என் கடலைத் திருடிவிட்டான் என்று என்னைக் காட்டிக் கத்தினாய். செல்வி உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பைத்தியம் என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான். நேற்றுவரை உன்னை ராசிக்காரன் என்றவன்தான் அவன்.

இந்த முறை அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை வருடமாக, எந்தெந்த மாதத்தில், எத்தனை நாள் தூங்காமல், அடுத்து எப்போது படுக்கையில் விழுந்தாய் என்று. சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. ஒரு தாளில் மேலும் கீழுமாக ஒரு கோடு போட்டுக் காட்டினார். நீங்கள் போன முறை சொன்னது இந்தப் பள்ளத்தை மட்டும்தான் என்றார். பள்ளத்துக்கு மட்டும் மருந்து கொடுத்தால் சிலருக்கு மேடு இன்னும் உயரமாகிவிடுமாம். இதற்கு இருமுனைக் கோளாறு என்று பெயர் சொன்னார். பிறகு அவர் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன்: "இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் கிடையாதுங்க. கூட இருக்கறவங்க சொல்றதுதான் எங்களுக்குக் கண்ணு." பழைய மாத்திரையை நிறுத்தி வேறு மாத்திரை ஆரம்பித்தார்கள்.

வார்டில் நீ தெளிந்த பிறகு ஒரு நாள் உனக்குச் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். உனக்கு என்ன நோய் என்பதை டாக்டர் அன்றுதான் உன்னிடமே விளக்கியிருந்தார். "அப்போ நா நல்லா கீறதும் வியாதியா மாமு?" என்று கேட்டாய். சுளையை உன் கையில் வைத்தேன். நீ அதைச் சாப்பிடாமல் வைத்துக்கொண்டே இருந்தாய்.

அதற்குப் பிறகு நீ நாள் கணக்கில் கடலில் தங்கும் தங்கல் தொழிலுக்குப் போகவில்லை. கரையில் வலை பார்த்தாய், வாரத்தில் சில நாள் விடிந்தபின் சின்ன ஃபைபர் படகில் போய் வந்தாய். நடுவில் ஒரு முறை மாத்திரையை நிறுத்திப் பார்த்தாய், பாதி ஆளாக இருக்கிறேன் என்று அழுதாய், மறுபடி ஆரம்பித்தாய். அந்த முறை செல்வியும் நானும் உன் தூக்கத்தை எண்ணிக்கொண்டே இருந்தோம், மூன்றாவது நாளே டாக்டரிடம் போய்விட்டோம். என் பொய்யைப் பற்றி உன்னிடம் அரைகுறையாகச் சொன்னபோது, விடு என்று கையை ஆட்டினாய். நானும் விட்டுவிட்டேன்.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். எல்லோரும் வலைக் கொட்டகையில் உட்கார்ந்து வலை கட்டுகிறார்கள். போன வாரம் ஏழுமலை புது ஆட்களிடம் உன்னைப் பற்றி அளந்துகொண்டிருந்தான். "மூணு நாளு கண்ணு மூட மாட்டான்ப்பா. அப்டி ஒரு டிரைவர் இனிமே பொறக்கணும்." புது ஆட்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அதில் ஒருவன், தானும் இப்போதெல்லாம் தூங்குவதே இல்லை என்று பெருமையாகச் சொன்னான்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "அது ராசி இல்ல, நோவு" என்று சொல்லிவிட்டேன். செத்தவனைப் போய் இப்படிப் பேசுகிறாயே, நாக்கு அழுகிவிடும் என்றான் ஏழுமலை. நான் நிறுத்தவில்லை. டாக்டர் கேட்டதையும், நான் சிரித்ததையும், அதனால் அவன் கை முறிந்ததையும் சொன்னேன். எல்லோரும் வலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். தூங்குவதில்லை என்று சொன்னவன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் செல்வி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். விஷயம் அதற்குள் போய்விட்டது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உன் வியாதியை ஊருக்குச் சொல்லியிருக்கிறேன், அவள் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று எழுந்து நின்றேன். கொட்டகையில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பாதிதான் சொல்லிக்கீறீங்க," என்றாள். "ஒம்போது வருசம் என் பக்கத்துல படுத்துத் தூங்குனாருண்ணா. கொறட்ட வுட்டுத் தூங்குனாரு. அத்த யாரு சொல்றது?"

அன்றிலிருந்து உன்னைப் பற்றிப் பேச்சு வரும் இடத்திலெல்லாம் மேட்டையும் பள்ளத்தையும் சொல்கிறேன், அதற்குப் பிறகு வந்த ஒன்பது வருடத்தையும் சொல்கிறேன். நீ என்னிடம் விட்டுப்போன வேலை இது என்று எடுத்துக்கொண்டேன். முதலில் போனது கொட்டகைக்குத்தான். செல்வி சொன்னதை அப்படியே சொன்னேன். ஏழுமலை தலையைத் தூக்காமல் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தான். கடைசி முடிச்சை இறுக்கிவிட்டு வலை ஊசியைக் கீழே வைத்தான்.

"பதினாலு வருசம் அவன் கூட போட்டுல இருந்தேன்," என்றான். "கொறட்ட சத்தம் ஒரு தபாகூட கேட்டதில்ல. அத்தப் போயி ராசின்னு சொல்லிக்கினு திரிஞ்சேன்."