சந்தைக்குப் போன நோட்டீஸ்

பொள்ளாச்சி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பெண்களை அடிப்பதற்கு எதிராகப் பிரச்சாரம் நடத்துவதுதானே இங்கே என் வேலை. ஆண்கள் மாட்டுச் சந்தைக்குப் போகும் நாளாகப் பார்த்துப் பெண்களைக் கூட்டினேன். தேங்காய்க் களத்தில் வேலை செய்யும் நாச்சியம்மாள் அக்கா எழுந்தார். "ஏனுங்க அம்மணி, அடி வாங்கறவங்களுக்கே புத்தி சொன்னா எப்படிங்க? அடிக்கறவங்க பூராம் சந்தையில நிக்கறாங்க."

அடுத்த வாரம் நோட்டீஸ் கட்டோடு அக்காவும் நானும் சந்தைக்கே போனோம். யாரும் பார்க்காதபடி தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எங்களைத் திட்டினார், பயப்படும்படி ஒன்றுமில்லை. அக்கா அசரவில்லை. "மாட்டு வெலையத் துண்டு போட்டு மூடுங்க. ஊட்டுல அடிக்கறத மூடாதீங்க" என்றார். திட்டியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நோட்டீஸுக்குக் கை நீட்டினார். எனக்கு அவ்வளவு பெருமை அம்மா.

தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை. கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. உதவி எண் போட்ட நோட்டீஸ் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். அண்ணி கண்ணில் படும்படி அடுப்படியில் ஒட்டுங்கள். அண்ணன் கிழித்தால் எழுதுங்கள், நாச்சியம்மாள் அக்காவைக் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன்.

உங்கள் மகள்,
காளீஸ்வரி