தனித் திரையா, துண்டா

ஜூன் 9, திங்கள்

பொம்மிடியில் தூறல். தர்மபுரியில் இறங்கினால் ரோடு காய்ந்து கிடக்கிறது. குடை வெறும் சுமை.

இன்று செய்ய வேண்டியவை:
கேஸ் புக் பண்ண - மறந்தாயிற்று.
பாப்பா யூனிபார்ம் தைக்கக் கொடுக்க - டெய்லர் கடை பூட்டு.
11 மணி, மாடு ஆப் கூட்டம் - நடந்தது. நடக்காமலே இருந்திருக்கலாம்.

மாடு ஆப் என்பது நாங்கள் ஆபீசில் வைத்த பெயர். சித்தேரி மலை ஊர்களில் ஒரு தொண்டு நிறுவனம் மாடுகளுக்குக் கோமாரி ஊசி போடுகிறது. எந்த வீட்டு மாட்டுக்குப் போட்டாயிற்று, எதற்குப் பாக்கி என்று இதுவரை நோட்டில் எழுதினார்கள். இனி போனில். அதற்கான ஆப்பை எழுதித் தரும் வேலை எங்களுக்கு.

நான் சொன்னது: ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி ஆக்டிவிட்டி. வீடுகளின் பட்டியலுக்கு ஒன்று, வீட்டு விவரத்துக்கு ஒன்று, போட்டோவுக்கு ஒன்று. மலையில் வேலை செய்கிறவர்கள் கையில் இருப்பது மட்டமான போன்கள். நேராக, எளிதாக இருக்கட்டும்.

பி. சொன்னது: ஒரே ஆக்டிவிட்டி, உள்ளே மாற்றி மாற்றி வைக்க எல்லாம் ஃபிராக்மென்ட். (பிரகாஷ் என்று முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை. ஆறு மாதம் முன்னால் பெங்களூரிலிருந்து வந்தவன்.) எங்கள் முதலாளி சாரின் டேப்லெட்டை வாங்கிக் குறுக்காகப் பிடித்துக் காட்டினான். இடது பக்கம் பட்டியல், வலது பக்கம் விவரம். சார் முகத்தில் வெளிச்சம்.

"இதாம்மா மாடர்ன். நீங்க சொல்றது பத்து வருசத்துக்கு முன்னாடி கத."

நான் இங்கே வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம். என்னையும் சேர்த்துத்தான் சொன்னார்.

மலையில் ஒருவரிடமும் டேப்லெட் கிடையாது. மொத்தத்தில் ஒன்று, அது சாருடையது.

எங்கள் ஆபீசில் ஆக்டிவிட்டிக்கு 'வேட்டி', ஃபிராக்மென்ட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். பெயர் வைத்தது நானே. கூட்டம் முடிந்ததும் வைத்துக்கொண்டிருந்த இன்னொரு செய்தியையும் சார் சொன்னார். டீம் லீட் இனி பி. யாரோ பின்னாலிருந்து, "துண்ட ஜன்னல் வழியா போட்டு சீட்டப் புடிச்சிட்டான்டா" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும்.


ஜூன் 11, புதன்

வெயில். பஸ்ஸில் உட்கார இடம் இல்லை, தர்மபுரி வரை நின்றே.

நேற்று ராத்திரி சாப்பாட்டின்போது இவர் கேட்டார், என்னதான் உங்களுக்குள் சண்டை என்று. இவர் கார்பெண்டர், கடைகளுக்கும் ஆபீசுகளுக்கும் உள்வேலை செய்கிறவர். அவர் பாஷையிலேயே சொன்னேன். வேட்டி என்றால் தனித்தனி ரூம், ஒவ்வொன்றுக்கும் கதவு. துண்டு என்றால் ஒரே ஹால், நடுவில் நகர்த்தி நகர்த்தி வைக்கும் ப்ளைவுட் தடுப்பு.

"ரெண்டும் நிக்கும் செலினு. தடுப்புன்னா எடத்த மாத்தும்போது பழசக் கழட்டிட்டுப் புதுச மாட்டணும். கழட்டாம மாட்டுனா இடிச்சிக்கினு கெடக்கும்."

மூன்றே வாக்கியம். பி. இருபது ஸ்லைடு போட்டான்.

நேர்மையாக எழுதுகிறேன், இதை யாரும் படிக்கப் போவதில்லை. துண்டில் தப்பே இல்லை. உலகமே அப்படித்தான் எழுதுகிறது. சரியாக எழுதினால் நன்றாகவே ஓடும். எனக்கு வேட்டி கட்டிப் பழக்கம், அவனுக்குத் துண்டு. கோபம் அதில் இல்லை. அந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்ததில்.


ஜூன் 24, செவ்வாய்

காற்று, புழுதி. கண் எரிகிறது. கேஸ் வந்துவிட்டது.

பி. எழுதிய கோட் என்னிடம் ரிவ்யூவுக்கு வந்தது. இன்னொருவர் பார்த்துச் சரி சொன்னால்தான் எதுவும் உள்ளே போகும், அது ஆபீஸ் சட்டம்.

அழகாகத்தான் எழுதியிருக்கிறான். எரிச்சலாக இருந்தது. படித்துக்கொண்டே வந்தேன். விவரத் துண்டை வைக்கிற இடத்தில் ஓர் 'இஃப்' இல்லை.

போனில் இடம் போதாவிட்டால், கேமரா திறக்கும்போது பின்னால் இருக்கும் ஆப்பைப் போனே கொன்றுவிடும். திரும்பி வந்தால் ஆப் மறுபடி பிறக்கும். பழைய துண்டை அதுவே எடுத்துத் தன் இடத்தில் வைத்துவிடும். ஆகவே, ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று நாம் கேட்க வேண்டும். அந்த ஒரு வரிதான் இல்லை. கேட்காவிட்டால் பழையதன் மேலேயே புதிதாக இன்னொன்று. அந்தப் புதியது பட்டியலில் முதலில் இருக்கும் வீட்டை எடுத்துக்கொண்டு வந்து நிற்கும்.

இவர் சொன்ன அதே தடுப்பு. கழற்றாமல் மாட்டியது.

சொல்ல வேண்டும் என்று திரையில் கருத்து எழுதும் பெட்டியைத் திறந்தேன். இரண்டு வார்த்தை அடித்தேன். அழித்தேன். வெள்ளிக்கிழமை சார் முன்னால் டெமோ. விழட்டும். எல்லோரும் பார்க்க விழட்டும். விழுந்ததும் நானே எழுந்து போய்ச் சரி செய்கிறேன்.

'சரி' என்று அடித்தேன். பச்சை டிக்.


ஜூன் 27, வெள்ளி

டெமோ. விழவில்லை.

சாரின் டேப்லெட் விலை உயர்ந்தது. கேமராவைப் பத்து முறை திறந்து மூடினாலும் ஆப் சாகவில்லை. வாயில் வைத்த அல்வா போல வழுக்கி ஓடியது. கைதட்டல். சார் எல்லோருக்கும் பப்ஸ் வரவழைத்தார். நான் இரண்டு தின்றேன்.

சாயங்காலம் பி.யிடம் சொல்லலாம் என்று அவன் இடம் வரைக்கும் போனேன். சொன்னால் என்ன கேட்பான்? 'அன்னைக்கே ஏன் சொல்லல?'

திரும்பி வந்து பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். திங்கள் பார்த்துக்கொள்ளலாம்.


ஜூலை 10, வியாழன்

இரண்டு திங்கட்கிழமை போய்விட்டது.

ஆப் மலைக்குப் போய் ஒரு வாரம். உதவி கேட்பதற்கென்று ஒரு வாட்ஸாப் குழு. அதில் மல்லிகா என்ற பெண்ணின் குரல். சித்தேரிப் பக்கத்துப் பெண், ஊசி போடுகிறவர்களோடு வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்கிறவள்.

"சார், மாட்டுக் காதுல இருக்குற நம்பர் வில்லைய போட்டோ புடிச்சிட்டு வந்தா பேரு மேல பேரு வுழுது சார். ரெண்டு எழுத்து ஒன்னா கலங்குன மாதிரி இருக்குது. எது யாருன்னே தெரியல."

பி.யின் பதில்: டிஸ்ப்ளே போயிருக்கும், கடையில் காட்டுங்கள்.

அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. எனக்குத் தெரியும். நான் எழுதியது: 'போனை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.' கும்பிடுகிற கை ஒன்றும் சேர்த்துப் போட்டேன்.

மல்லிகா கட்டை விரல் அனுப்பினாள்.


ஆகஸ்ட் 4, திங்கள்

மழை இல்லை, மேகம் மட்டும். பாப்பாவுக்குச் சளி.

தொண்டு நிறுவனத்திலிருந்து சாருக்குப் போன். மலையில் அலமேலு என்பவரின் கன்று கோமாரியில் செத்துவிட்டது. தாய்ப் பசுவுக்கு வாயெல்லாம் புண், எச்சில் ஒழுகிக்கொண்டு நிற்கிறதாம். ஆப்பில் பார்த்தால் அந்த வீட்டுக்கு 'ஊசி போட்டாயிற்று'. போட்டதாகப் பதிந்தவர் மல்லிகா.

மலை ஏறாமலே வீட்டில் உட்கார்ந்து டிக் அடித்துவிட்டாள் என்று அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

சார்: "நம்ம ஆப்புல தப்பு இல்லன்னு ஒரு லெட்டர் குடுத்தாப் போதுமாம். செலின், நீங்க ஒரு எட்டு நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடுங்க. சீனியர் போனா மரியாத."

ஒன்பது வருடத்தில் முதல் தடவை சீனியர் என்கிறார்.

அலமேலு. அ. பட்டியலில் முதல் பெயர். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.


ஆகஸ்ட் 6, புதன்

அரூர் போய் மலை பஸ். வளைவுகளில் குமட்டல். மேலே குளிர்ந்த காற்று, கீழே விட்டு வந்த வெயில் நினைவில் கூட இல்லை.

மல்லிகா முப்பது வயது இருக்கும். கணுக்காலில் முள் கிழித்த கோடுகள். இவள் மலை ஏறவில்லை என்று ஒருவன் எழுதிக் கொடுத்திருக்கிறான்.

"அலமேலக்கா அன்னிக்குக் காட்டுக்குப் போயிருந்துச்சுக்கா. வூடு பூட்டியிருந்துச்சு. மறுக்கா வரணும்னு மனசுல வச்சிக்கினு தான் போனேன். மறுவாட்டி போறப்ப பாக்கி லிஸ்ட்ல அந்த வூடே இல்ல. சூப்பர்வைசர்கிட்ட கேட்டன், அலமேலக்கா வூடு வுட்டுப்போச்சு சார்னு. ஆப்புல போட்டாச்சுன்னு காட்டுது, நீ என்ன ஆப்ப வுட பெரிய ஆளான்னாரு."

அவள் போனை வாங்கி ஏதோ ஒரு வீட்டைத் திறந்தேன். கேமரா. போட்டோ. திரும்பினேன். இரண்டு பெயர்கள் ஒன்றின் மேல் ஒன்று, அடியில் வேறு ஏதோ, மேலே 'அலமேலு'. சேமி என்று தொட்டால் மேலே இருப்பதற்குப் போகும். யார் மாட்டுக்கு ஊசி போட்டாலும் கணக்கு அலமேலுவுக்கு.

ஒரு மாதமாகக் கண்ணை மூடினால் தெரிந்த திரை. நேரில் பார்க்க அதைவிட அசிங்கமாக இருந்தது.

"இதாங்க்கா நான் சொன்னது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னீங்க, டெய்லியும் பண்ணிப் பாத்தன்க்கா."

அலமேலு வீட்டுக்கும் போனேன். அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. மோர் கொடுத்தார். பசு இன்னும் கன்று கட்டியிருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது. மோரைக் குடிக்க முடியவில்லை. கீழே வைக்கவும் முடியவில்லை. குடித்தேன்.


ஆகஸ்ட் 7, வியாழன்

உடம்பு வலி. பஸ்ஸில் முழு வழியும் என்ன சொல்வது என்று ஒத்திகை. இரண்டு விதமாகப் பார்த்தேன். ஒன்றில் நான் இருக்கிறேன், இன்னொன்றில் இல்லை.

கூட்டத்தில் சொன்னது இரண்டாவது.

திரையில் கோட்டைக் காட்டினேன். இந்த வரி இல்லை, அதனால் துண்டு மேல் துண்டு. ஒவ்வொரு ஊரிலும் பட்டியலின் முதல் வீடு, ஊசி போடாமலே போட்டதாக விழுந்திருக்கிறது. அண்ணாமலை, அஞ்சலை, அலமேலு. அந்த வீடுகளில் இன்றே ஊசி போட வேண்டும். மல்லிகா மேல் ஒரு தப்பும் இல்லை.

சார் பி. பக்கம் திரும்பினார்.

"ரிவ்யூ யாரு பண்ணது?"

அவனிடம் பதில் இருந்தது. என் பெயர், பச்சை டிக், தேதி, எல்லாம் திரையிலேயே ஒரு சொடுக்கில் வரும். என்னைப் பார்த்தான். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தேன்.

"எழுதுனது நான் சார். எனக்கே தெரிஞ்சிருக்கணும்."

காட்டிக் கொடுத்திருந்தால் அவனை நிம்மதியாக வெறுத்திருப்பேன். அந்த வசதியையும் எடுத்துக்கொண்டான்.


ஆகஸ்ட் 8, வெள்ளி

வெயில். பாப்பாவுக்குச் சளி தேவலை.

பி. ராஜினாமா. திரும்பவும் பெங்களூர். மத்தியானம் மேசையைக் காலி செய்யும்போது என்னிடம் வந்தான்.

"அக்கா, அன்னைக்கு ரிவ்யூல நெஜமாவே கவனிக்கலையா?"

"இல்லப்பா. அவசரத்துல வுட்டுட்டேன்."

"ம்." சார்ஜர் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். நம்பினானா தெரியவில்லை. அக்கா என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

சார் கூப்பிட்டார். இனி நான் டீம் லீட். எல்லாவற்றையும் வேட்டியாக மாற்றி எழுதிவிடலாம், நீங்கள் அன்றைக்கே சொன்னீர்கள் என்றார். மாற்ற வேண்டியதே இல்லை சார், ஒரு வரி போதும் என்று சொல்லியிருக்க வேண்டும். உண்மை அதுதான்.

"மாத்திடலாம் சார்."

இவரிடம் போனில் சொன்னேன். சந்தோஷப்பட்டார். வரும்போது ஸ்வீட் வாங்கிக்கொண்டு வா என்றார். வாங்கினேன்.


ஆகஸ்ட் 11, திங்கள்

லேசான மழை. குடை எடுக்கவில்லை.

புது வேலைப் பட்டியல்:
பட்டியல் ஆக்டிவிட்டி.
விவர ஆக்டிவிட்டி.
போட்டோ ஆக்டிவிட்டி.
மட்டமான போன் ஒன்று வாங்கி அதில்தான் சோதிக்க வேண்டும். (இதை ஜூனில் யாரும் கேட்கவில்லை. நானும்தான்.)

நேற்று பூசைக்குப் போனேன். ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்ற வரிசையில் பாதி தூரம் போய், பாப்பா இருமுகிறாள் என்று வெளியே வந்துவிட்டேன். அவள் இருமவில்லை.

மத்தியானம் மல்லிகா போன் செய்தாள். திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்களாம். காலையிலேயே இரண்டு ஊர் ஏறி இறங்கிவிட்டாளாம், மூச்சு வாங்கியது. அலமேலுவின் பசு கொஞ்சம் தீவனம் எடுக்கிறதாம்.

"உங்களத் தாங்க்கா சாமியா நெனைக்கிறேன். ஊரே என்னப் பொய்க்காரின்னுச்சு. நீங்க ஒருத்தர் தான் உக்காந்து தேடி அந்தத் தப்பப் பாத்தீங்க."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"எப்பக்கா கண்டுபுடிச்சீங்க?"

போன வாரம்தான் என்றேன்.