"வேண்டாம்" கட்சியில் நான்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் காட்டாதீர்கள். அப்பாவுக்கு, சத்தியமாக வேண்டாம்.

பிப். 10, திங்கள்

பகலெல்லாம் வெயில், இப்போது பனி. தலைவலி என்று சொல்லி சீக்கிரமே படுக்க வந்துவிட்டேன். பொய்.

பள்ளிக்கூடத்தில் ஒரே கூத்து. எட்டாம் வகுப்புப் பொதுப் பரீட்சையை எடுத்துவிடப் போகிறார்களாம். ரேடியோவில் சொன்னார்களாம். யார் கேட்டது? தெரியாது. பக்கத்து பெஞ்சு செல்லம் கணக்குப் புத்தகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினாள். நானும். கணக்கு என்றாலே எனக்கு ஆகாது.

அப்பா புதுவயல் அரிசி மில்லிலிருந்து வந்ததும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. போன பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி முருகனிடம் வேண்டிக்கொண்டாரே, நான் பொதுப் பரீட்சையில் பாஸானால் காவடி எடுத்து, ஒன்பதாவதிலும் சேர்க்கிறேன் என்று.

"பாஸானாத்தான்னுதானே சாமிகிட்ட சொன்னேன்? பரீட்சையே இல்லாட்டி எதை வச்சுக் காவடி எடுக்க? எட்டோட போதும்னு அவரே சொல்றாரு போல."

அம்மா: "ஆமா, ஒங்ககிட்ட மட்டும் வந்து சொன்னாராக்கும்."

பயமாக இருக்கிறது. பரீட்சை வேண்டும் என்று கும்பிடுகிற ஒரே பிள்ளை இந்த ஊரில் நான்தான்.

பிப். 12, புதன்

வெள்ளிக்கிழமை பட்டிமன்றம். பொதுப் பரீட்சை வேண்டுமா, வேண்டாமா? வீட்டுப் பெரியவர்களும் வரலாம். பெரிய டீச்சர் சீட்டுக் குலுக்கினார். எனக்கு "வேண்டாம்" கட்சி!

செல்லத்திடம் அழுதேன். "நல்லாப் பேசி ஒன் படிப்புக்கு நீயே உலை வைக்கப் போறியாடி?" அப்புறம் சிரித்தாள், பாவி. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ரிப்பன் துவைக்க. பேச்சு மனப்பாடம். அப்பா வராமல் இருக்க வேண்டிக்கொள்ள.

பிப். 14, வெள்ளி

வந்தார். கடைசி வரிசை. சட்டையெல்லாம் தவிடு.

மேடையில் மனப்பாடம் அத்தனையும் மறந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். "எங்க அண்ணன் ரெண்டு தடவை பெயிலானான். இன்னமும் படிக்கிறான். அவனுக்கு யாரும் காவடி நேந்துக்கலை. பாஸானாத்தான் மேல படிக்கலாம்னு பொம்பளைப் பிள்ளைக எங்களுக்கு மட்டும் எதுக்கு? பரீட்சை இல்லாமலே எங்களை அனுப்புங்க. அப்பப் பரீட்சை வேண்டாம்."

ஒரே கைதட்டல். பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். செத்தேன் என்று நினைத்தேன்.

இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வந்தார். கையில் ஜவுளிக்கடைப் பொட்டலம். என் பக்கம் பார்க்கவே இல்லை. அம்மாவிடம் நீட்டினார்.

"ஒன்பதாப்புக்குத் தாவணி கட்டித்தான் போகணுமாம்ல. பெரிய டீச்சர் சொன்னாக."

"முருகன்கிட்ட கேட்டீகளா?"

"அவருக்கு ரெண்டு பொண்டாட்டி. பொம்பளை பேச்சைத் தட்டவா போறாரு?"

அண்ணன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

ஊதா நிறம். நைலக்ஸ். இரண்டு! ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். தோளில் நிற்கமாட்டேன் என்கிறது. ஊக்கு குத்திவிட்டது. பரீட்சை உண்டா இல்லையா என்று இன்னும் ஒருவருக்கும் தெரியாது. இருந்தால் இருக்கட்டும். நாளையிலிருந்து கணக்கு

யாரோ கதவைத் தட்டு