நீங்கள் அண்ணாந்து நின்ற இடம்

ஏனுங்க, மகள் போன வாரம் மறந்து விட்டுப்போன, விமானம் ஓட்டும்போது போடுகிற பச்சை உடுப்பை இன்றைக்குத் துவைக்க எடுத்தேன். குப்பென்று மண்ணெண்ணெய் வாசம். விமானத்து எண்ணெய்க்கும் நம் பழைய விளக்கு எண்ணெய்க்கும் வாசத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. நீங்கள் லீவில் வரும்போதெல்லாம் பெட்டியைத் திறந்தால் இதே வாசம்தான் அடிக்கும். துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது.

விமானக் காட்சிக் குழுவில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தச் சேதியைக் கேட்க நீங்கள் இல்லை. போன ஐப்பசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், திருச்செங்கோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே போய்விட்டீர்கள். றெக்கையோடு றெக்கை உரசுகிற மாதிரி பறக்கிற கூட்டத்தில் இப்போது நம் பிள்ளை. பக்கத்துத் தோட்டத்து அக்கா, "பொட்டப்புள்ளைய அத்தன ஒசரத்துல உட்டுப்போட்டு எப்படிச் சாமி தூங்கறே?" என்று கேட்டார். நான் தூங்குகிறேன் என்று யார் சொன்னது?

நீங்கள் இருந்தவரை பயப்படுகிற வேலையையும் உங்களிடமே விட்டிருந்தேன். அதுதானே உங்கள் உத்தியோகமும். காட்சி நடக்கும்போது ஓடுதளத்து ஓரமாக வயர்லெஸ்ஸோடு அண்ணாந்து நிற்கிற ஆள். எந்தத் தேசத்துக்குப் போனாலும் ஏற்பாடு இதுதான் என்பீர்கள். ஜனங்கள் தாண்டக்கூடாத கயிறு, அந்தக் கயிற்றுக்கு மேல் வரக்கூடாத விமானம், மேகம் தாழ்ந்தால் காட்ட வேறொரு ஆட்டம். எல்லாவற்றுக்கும் மேல், 'நிறுத்து' என்று சொல்ல ஓர் ஆள். அவர் சொன்னால் நிறுத்தியாக வேண்டும். மேலே இருக்கிறவர்கள் ஏன் என்று கேட்கக்கூடாது. அவர் வந்து நிற்காவிட்டால் காட்சியே கிடையாது. வெளிநாட்டில் ஒருமுறை பறவைக்கூட்டம் குறுக்கே வருவதைப் பார்த்து நிறுத்தச் சொன்னீர்களாம். டிக்கெட் வாங்கி வந்த சனமெல்லாம் முணுமுணுத்ததைச் சொல்லிச் சிரித்தீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

மேலே ஏறுவதற்கு முன் விமானிகள் உள்ளங்கையை விமானமாக்கி, முழு ஆட்டத்தையும் தரையில் நடந்து பார்ப்பார்களே, அதை அவள் குழுவில் சேருவதற்கு முன்பே நம் களத்தில்தான் பழகினாள். நீங்கள் கயிற்றுக்கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பீர்கள். மக்காச்சோளம் காயப்போட விடாமல் அப்பனும் மகளும் என்ன கூத்து என்று நான் வைதுகொண்டிருப்பேன்.

இந்தத் தடவை லீவு முடிந்து கிளம்புகிற அன்று காலையில் என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா நிக்கற எடத்துல நீ நில்லும்மா. வேண்டாம்னு பட்டா நிறுத்துன்னு சொல்லு. ஏன்னு கேக்க மாட்டேன்."

களத்து நடைக்காக மட்டும் அவள் அதைச் சொல்லவில்லை. எனக்கு அது புரிந்தது.

நடந்தாள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டு. கை சாய்ந்தது, ஏறியது, களத்துக் கோடியில் கவிழ்ந்து மண்ணைப் பார்த்து இறங்கியது. சொல் தொண்டைவரை வந்துவிட்டது. ஒரே ஒரு சொல். பிள்ளை வீட்டோடு இருந்துவிடும்.

அந்த நேரம் பார்த்தா நீங்கள் அவளுக்குச் சொன்னது நினைவுக்கு வரவேண்டும்? "பயத்துல நிறுத்தப்படாது சாமி. கண்ணு எதையாச்சும் பாத்திருக்கோணும்."

நான் பார்த்தேன். அவள் கை நடுங்கவில்லை. ஏதாவது தப்பு கண்ணில் படாதா என்று தேடினேன். பெற்றவள் தேடக்கூடாததைத் தேடினேன். ஒன்றும் படவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

பஸ் ஏறும்போது, "நீ சொல்லிருவியோன்னு பயந்துட்டேதாம்மா நடந்தேன்" என்றாள்.

"சொல்லியிருந்தா?"

"நின்னிருப்பேன்."

இன்றைக்குத்தான் காட்சி. இந்நேரம் கயிற்றுக்குப் பின்னால் ஜனம் கூடியிருக்கும். அவள் மேலே போயிருப்பாள். போனை அடுப்படியிலேயே வைத்துவிட்டேன். அது அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். அன்றைக்குச் சொல்லாத சொல் இன்னும் வாயிலேயே கிடக்கிறது. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. நம் மல்லசமுத்திரத்து வானத்தில் ஒன்றும் தெரியாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஆள் வந்து நிற்காமல் காட்சி நடக்கக்கூடாது என்பீர்களே. அதனால் இதை எழுதி வைத்துவிட்டு, களத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நிற்கப்போகிறேன்.