அம்மாவின் நூற்று நாற்பத்து நான்கு வரிகள்

அக்டோபர் 7, திங்கள்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும், தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். ஊராட்சி ஆபீஸில் கொடுத்துவிடாதீர்கள். ஸம்ஃபிரா அத்தையிடம் கொடுத்தால் அவளே அடுப்பில் போட்டுவிடுவாள்.

என் பெயர் இலிங்கா. வயது பதினான்கு. தம்பி சாவாவுக்கு ஏழு. இந்த வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா நாலு வருடமாக இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள். அப்பா ஜெர்மனியில் கட்டட வேலை, எப்போதாவது பேசுவார். எதிர்வீட்டு ஸம்ஃபிரா அத்தை பகலில் ஒருமுறை எட்டிப் பார்ப்பாள். இதெல்லாம் வெளியே தெரியக்கூடாது. மூலைவீட்டில் பெரியவர்கள் இல்லை என்று தெரிந்ததும், அங்கிருந்த பிள்ளைகள் மூன்று பேரையும் போன வருடம் மூன்று ஊர் அரசு விடுதிகளுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இன்று யாஷ் நகரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் கோர்னெலியா. ஐரோப்பாவில் ஐந்து நாடுகளைச் சேர்த்துப் பார்க்கும் ஆராய்ச்சியாம். எந்த நாட்டில் குடும்பங்கள் நேரத்தை எப்படிச் செலவழிக்கின்றன என்று கணக்கெடுக்கிறார்கள். எங்கள் தெருவில் ஐந்து வீடுகளுக்குச் சீட்டு விழுந்திருக்கிறது. அதில் ஒன்று எங்கள் வீடு.

நான் வாய் திறப்பதற்குள் அத்தை ஓடி வந்துவிட்டாள்.

"இந்த வீட்ல எத்தனை பேர்னு கேக்கறீங்களா மேடம்? நாலு பேர்."

"அப்பா எங்க?"

"காட்டுக்குப் போயிருக்கான். விறகு வெட்ட."

"அம்மா?"

"அவளும் கூடத்தான் போயிருக்கா. காளான் பொறுக்க."

"எப்ப வருவாங்க?"

"காடு பெருசு மேடம்."

கோர்னெலியா சிரிக்கவில்லை. நாலு என்று எழுதிக்கொண்டாள். தான் பொய் சொன்னதாக அத்தை நினைக்கக்கூட இல்லை. எங்கள் தெருவில் யாரும் வெளிநாடு போனவர்களைக் கணக்கிலிருந்து எடுப்பதில்லை. செத்தவர்களைத்தான் எடுப்பார்கள்.

பத்து வயதுக்கு மேற்பட்ட ஆளுக்கு ஒரு புத்தகம். மூன்று புத்தகம் வைத்துவிட்டுப் போனாள். புதன்கிழமை முழுவதும் என்ன செய்தோம் என்று எழுத வேண்டும்.

அக்டோபர் 9, புதன்

விடியற்காலை நாலு மணியில் ஆரம்பித்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு வரி. ஒரு நாளுக்கு நூற்று நாற்பத்து நான்கு வரி. என்ன செய்தீர்கள், எங்கே, யாருடன்.

"மூணையும் நீயே எழுதிடு. கையெழுத்தை மட்டும் மாத்திக்கோ," என்றாள் அத்தை.

அப்பாவுடையது சுலபம். தூக்கம், மரம், மரம், சாப்பாடு, மரம், தூக்கம்.

என்னுடையதில் பொய் எழுதினேன். பாடம், விளையாட்டு, டி.வி.

அம்மாவுடையதில்தான் மாட்டிக்கொண்டேன். ஆறு மணிக்கு அடுப்பு மூட்டினாள் என்று எழுதினேன். ஆறு இருபதுக்குச் சோளமாவில் மமாலிகாக் களி கிண்டினாள். ஏழு பத்துக்கு—இலிங்காவுக்குத் தலை வாரிவிட்டாள். யாருடன்? இலிங்காவுடன். அதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. சாவாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். எட்டு மணிக்கு சாவாவுக்குக் கதை சொன்னாள். எட்டரை வரைக்கும். ஏன் அரை மணி? கஞ்சத்தனம் எதற்கு? ஒன்பது என்று மாற்றினேன்.

அக்டோபர் 11, வெள்ளி

சாவா புத்தகத்தை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டான்.

"அக்கா, அம்மா எப்ப வந்தாங்க? நான் தூங்கிட்டேனா?"

புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்தேன். அம்மா வரவில்லை என்று அப்போதே சொல்லாததுதான் தப்பு.

அக்டோபர் 12, சனி

கோர்னெலியா புத்தகங்களை வாங்கிக்கொண்டு போனாள். அத்தை வால்நட் கேக் கொடுத்தனுப்பினாள். தப்பித்தோம்.

அக்டோபர் 15, செவ்வாய்

தப்பிக்கவில்லை. வகுப்பில் சாவா மேசையில் தலை வைத்துத் தூங்கினானாம். டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறான். அம்மா அவன் தூங்கிய பிறகு வந்து, விழிப்பதற்குள் போய்விடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நேற்று கண்ணைத் திறந்து வைப்பதற்கு விரலால் இமையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான்.

பக்கத்து பெஞ்சு பெத்ரொனெலாவின் வீட்டுக்கும் சீட்டு விழுந்திருக்கிறது. அவள் அம்மா ஸ்பெயினில். அவளும் அம்மாவின் நாளை அவளே எழுதியிருக்கிறாள்.

"உங்கம்மா எத்தனை மணி நேரம் உன்கூட இருந்தாங்க?"

"நாலு."

"அவ்வளவுதானா? எங்கம்மா ஆறு. கேக் வேற பண்ணாங்க. உங்கம்மாவுக்கு உன் மேல பாசமே இல்லடி!"

வயிறு வலிக்கச் சிரித்தோம். மணி அடித்த பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

கோர்னெலியா மறுபடி வந்தாள். ஐந்து நாட்டு அட்டவணையைப் போட்டுப் பார்த்தார்களாம். பிள்ளைகளோடு அதிக நேரம் இருக்கும் அம்மாக்கள் பின்லாந்தில் இல்லை, போர்ச்சுகலில் இல்லை. எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அதுவும் ஒரு வீட்டில்கூட அம்மா பல் தேய்க்கவில்லை, உடம்பு சரியில்லாமல் படுக்கவில்லை, கோபித்துக்கொள்ளவில்லை.

"உங்க அம்மாவை நேர்ல பாக்கணும். ஞாயிறு பதினோரு மணிக்கு வரேன்," என்றாள்.

அவள் போனதும் அத்தை, "தலையில முக்காடு போட்டுக்கிட்டு நானே உக்காந்துக்கறேன்டி," என்றாள்.

"உங்களைத்தான் ரெண்டு தடவை பாத்துட்டாங்களே அத்தை. கேக் வேற குடுத்தீங்க."

"அப்ப உங்கம்மா கோயிலுக்குப் போயிட்டான்னு சொல்லு."

அக்டோபர் 19, சனி

போனில் அம்மாவும் அதையேதான் சொன்னாள். கோயிலுக்குப் போனேன் என்று சொல்லு. பின்னால் அந்தக் கிழவி கூப்பிடும் சத்தம். போனை வைத்துவிட்டாள்.

சரி, இந்த ஞாயிறு கோயில். அடுத்த ஞாயிறு? அதற்கடுத்தது? நான் இன்னும் எத்தனை அம்மாவை எழுத வேண்டும்? சாவா இன்றும் தூங்கவில்லை. நான் எழுதிய அம்மா வருவாள் என்று காவல் காத்துக்கொண்டு படுத்திருக்கிறான்.

அவனை எழுப்பி உட்காரவைத்து—எழுப்ப என்ன இருக்கிறது, விழித்துத்தானே இருந்தான்—உண்மையைச் சொன்னேன். அம்மா வரவில்லைடா. எல்லாம் நான்தான் எழுதினேன். அவன் என் முழங்கையில் ஓங்கிக் குத்தினான். பிறகு அழுதான். பிறகு தூங்கிவிட்டான். நல்ல தூக்கம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் முடிவு செய்துவிட்டேன். கணக்கு நோட்டில் கோடு போட்டு, நூற்று நாற்பத்து நான்கு வரியும் உண்மையாக எழுதப்போகிறேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

அத்தை வருவதற்கு முன்னால் கோர்னெலியாவை வாசலிலேயே பிடித்து நோட்டைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். ஐந்து நாற்பது, விறகு எடுத்தேன், தனியாக. ஆறு, கோழிக்குத் தண்ணீர், தனியாக. ஏழு பத்து, சாவாவுக்குத் தலை வாரினேன். கடைசி வரை படித்தாள்.

"எங்களைப் பிடிச்சுக் குடுத்துடுவீங்களா?"

"நான் ஆளை எண்ணுறவம்மா. பிடிக்கிறவ இல்ல. இந்த நோட்டு என் மேசையை விட்டுப் போகாது." பிறகு படியில் உட்கார்ந்தாள். "ஆனா நீங்க ரெண்டு பேரும் தனியா இருக்கறதை இப்பப் பாத்துட்டேன். பாக்காத மாதிரி வீட்டுக்குப் போய் என்னால சாப்பிட முடியாது. ஊராட்சில ஒரு பேப்பர் இருக்கு. பெரியவங்க ஒருத்தர் பொறுப்புன்னு அம்மாவோ அப்பாவோ நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். அவங்களா கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நீங்களா போய்ச் சொன்னா அது வேற."

"சொன்னா பிரிச்சுட்டா?"

"பிரிக்கவே மாட்டாங்கன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். வேணும்னா நானும் கூட வரேன்."

அக்டோபர் 21, திங்கள்

நானும் கோர்னெலியாவும் ஊராட்சி ஆபீஸுக்குப் போனோம். சமூகநல ஆபீஸர் கோபப்படவில்லை, பெருமூச்சுதான் விட்டார். "உன் தெருவுல நீதான் முதல்ல வந்திருக்க," என்றார். நவம்பர் 22, வெள்ளிக்கிழமைக்குள் அம்மாவோ அப்பாவோ வந்து கையெழுத்துப் போட வேண்டும். பொறுப்பேற்பது யார் என்று கேட்டார், அத்தை என்றேன்; அவளும் போட வேண்டுமாம். இல்லையென்றால் மாவட்டத்துக்கு எழுதுவார். சாவாவுக்கு ஒரு விடுதி, எனக்கு வேறொரு விடுதி.

இதைச் செய்தது நான்தான். நானேதான்.

அக்டோபர் 22, செவ்வாய்

அத்தை கத்தினாள். "குடும்ப மானத்தைச் சந்தியில வெச்சுட்டியேடி! நான் கையெழுத்துப் போட மாட்டேன். நாளைக்கு நீ மரத்துலேருந்து விழுந்தா என்னைக் கேப்பாங்க."

"இப்ப விழுந்தா யாரைக் கேப்பாங்க அத்தை?"

அவள் கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 24, வியாழன்

அப்பா சொன்னது: கான்கிரீட் போட்டுக்கொண்டிருக்கிறோம், இப்போது வந்தால் வேலை போய்விடும், அம்மாவைக் கேள்.

அம்மா சொன்னது: கிழவியை யார் பார்த்துக்கொள்வது?

இரண்டு தடவை கூப்பிட்டேன். நாளைக்கும் கூப்பிடுவேன்.

நவம்பர் 3, ஞாயிறு

பத்தாவது தடவை. "அம்மா, அந்தப் பாட்டிக்கு இன்னொரு ஆள் கிடைப்பாங்க. இருபத்திரண்டாம் தேதிக்கு மேல எங்களுக்கு வேற யாரும் இல்ல." அழக்கூடாது என்று நினைத்திருந்தேன். அழவில்லை. அம்மாதான் அழுதாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

அத்தை சூப் கொண்டுவந்தாள். போகும்போது முதுகைக் காட்டியபடியே, "உங்கம்மா வந்து முதல்ல போடட்டும். அப்புறம் நான் போடறேன்," என்றாள்.

நவம்பர் 19, செவ்வாய்

அம்மாவின் போன் அணைந்திருக்கிறது.

நவம்பர் 21, வியாழன்

இன்றும் அணைந்திருக்கிறது. நாளை காலை பத்து மணிக்கு ஊராட்சி ஆபீஸ். கோர்னெலியா யாஷிலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள். சாவாவின் துணிகளைத் தனியாக மடித்தேன். பிறகு கலைத்து என் துணிகளோடு ஒரே பையில் போட்டேன். இரண்டு பை கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவேன். யார் வந்து இழுத்தாலும் அவன் கையை விடமாட்டேன். அவர்கள் எழுதட்டும். எல்லாவற்றையும் நானும் எழுதி வைப்பேன், பத்து நிமிடத்துக்கு ஒரு வரி—

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

அத்தை இல்லை. அத்தை தட்டமாட்டாள், கத்துவாள். இது மெதுவாக. ஒரு தட்டு. நிறுத்தி, இன்னொரு தட்டு. வாசலில் பெட்டியைக் கீழே வைக்கும் சத்தம். தட்டலாமா கூடாதா என்று யோசிப்பது போல.

அம்மாவிடம் சாவி கிடையாது. அவள் போன பிறகுதான் பூட்டை மாற்றினோ—